இடம் பெயர்ந்த இசைக்கருவி



பயன் முடிந்ததென்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருள் மீண்டும் வாழ்வு பெற்ற வரலாற்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அப்பொருள் பைப் ஆர்கன் என்னும் இசைக்கருவி. ஆர்மோனியத்தை நீங்கள் அறிவீர்கள். துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. பைப் ஆர்கனிலோ காற்று பெருங்குழல்களுக்குள் புகுந்து ஒலிக்கிறது. ஒரு குழலுக்கு ஒரு சுரமே உண்டு. ஆகவே, பெரிய ஆர்கனுக்கு ஆயிரக்கணக்கான குழல்கள் வேண்டும். அது நிற்கும் கூடத்திற்கேற்ப ஒலியும் மாறும். அதனை இடம் மாற்றுவது எளிதன்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர இசையரங்கிற்காக, ஜெர்மனியில் லூட்விக்ஸ்பர்க் நகரத்து வால்க்கர் நிறுவனத்தார் ஓர் ஆர்கன் செய்தனர். கடல் கடந்து வந்த அக்கருவி 1863 நவம்பர் 2ஆம் நாள் அரங்கேறியது. அதற்கான செலவு ஏறத்தாழ 60,000 டாலர். 1881இல் பாஸ்டன் சிம்பனி இசைக்குழு தோன்றியது. மேடையில் இடம் போதவில்லை. 1884இல் ஆர்கனைப் பிரித்துக் கிடங்கில் இட்டனர். பதின்மூன்று ஆண்டுகள் அது ஓசையின்றிக் கிடந்தது. 1897இல் விற்கப்பட்டபோது அதன் விலை 1,500 டாலர் மட்டுமே!

வாங்கியவர் அருகிலுள்ள மெத்தூயன் நகரின் எட்வர்ட் சியர்ல்ஸ். அவர் கட்டடத்திற்கேற்பக் கருவியைக் குறைக்கவில்லை. கருவிக்கேற்பக் கட்டடம் எழுப்பினார். தடித்த செங்கற்சுவர்களும் உயர்ந்த கூரையும் உடைய அம்மண்டபத்தைக் கட்டடக்கலைஞர் ஹென்றி வாகன் வடிவமைத்தார். 1909இல் ஆர்கன் அங்கே மீண்டும் ஒலித்தது.

1920இல் சியர்ல்ஸ் மறைந்தார். மண்டபம் கைமாறியது. 1946இல் பொதுமக்கள் ஓர் அமைப்பாகக் கூடி அதனைப் பொதுச்சொத்தாக்கினர். மறு ஆண்டே ஏயோலியன் ஸ்கின்னர் நிறுவனத்தார் கருவியைப் புதுக்கினர். குழல்கள் பல புதியனவாயின. செதுக்கு வேலைப்பாடு மிக்க பழைய மரமுகப்பு அப்படியே நின்றது.

இளைஞர்களே! இதில் நாம் கொள்ளத்தக்கது யாது? விற்பனை விலை ஒரு பொருளின் மதிப்பன்று. மதிப்பறிந்த ஒருவர் அதனை மீட்கலாம். ஆயின் அவர் காலத்திற்குப் பின்னும் காப்பது அமைப்பே. நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளும் நூல்களும் பழைய காகிதமாக எடைக்குப் போய்விடலாகாது. அவற்றிற்கு ஓர் அலமாரியும், பொறுப்பேற்க ஒரு குழுவும் இன்றே ஏற்படுத்துங்கள். இதுவே என் வேண்டுகோள்.