ஆத்துக்குள்ள சுறா வருமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு என்னோட ஒரு பயத்தைப் பத்திப் பேசப்போறேன். சிரிக்கக் கூடாது. எனக்குச் சுறான்னா பயம்.

நான் தேனி மாவட்டம், ஜெயமங்கலம். எங்க பக்கம் ஓடுறது வராக நதி. கொடைக்கானல் மலையில இருந்து இறங்கி, பெரியகுளம் வழியா வந்து வைகையில சேர்ற ஆறு. கடலைப் பார்க்கணும்னா மதுரையைத் தாண்டி இன்னும் ரொம்ப தூரம் போகணும். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு ஏன் சுறா பயம்? 1975-ல் வந்த ‘ஜாஸ்’ படத்தைச் சின்ன வயசுல டிவியில பார்த்தேன். அது போதாதா?

எட்டாவது படிக்கிற என் மகள், "அம்மா, காரங்காடு போய் கயாக் ஓட்டலாம்"னு ஒரே பிடிவாதம். காரங்காடு ராமநாதபுரம் மாவட்டத்துல, தொண்டி பக்கம் இருக்கிற அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துறாங்க. கயாக்னா தெரியும்ல? ரெண்டு பக்கமும் துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு. தண்ணிக்கும் நமக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது.

சரின்னு சொல்லிட்டேன். ஆனா முந்தின நாள் ராத்திரி தூங்கல. "ஆத்துக்குள்ள சுறா வருமா?"ன்னு போன்ல தேடினேன். வரும்! பெரும்பாலான சுறாக்களால நல்ல தண்ணியில இருக்க முடியாது. உடம்புல உப்புக் கணக்கு கெட்டுடும். ஆனா காளைச் சுறான்னு ஒண்ணு இருக்கு. அதோட சிறுநீரகம் ரெண்டு தண்ணிக்கும் ஏத்த மாதிரி மாறிக்கும். அமேசான் ஆத்துல பெரு நாட்டு இக்கிடோஸ் ஊர் வரைக்கும் அது போயிருக்கு. 1916-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் மட்டவான் ஓடையில ஒரு சுறா, குளிச்சிட்டிருந்த ஒரு சிறுவனையும் அவனைக் காப்பாத்தப் போன இளைஞரையும் கொன்னிருக்கு. இதையெல்லாம் படிச்சா தூக்கம் எப்படி வரும்?

அப்புறம் இன்னொரு கணக்கையும் பார்த்தேன். சுறாக் கடிகளைப் பதிவு பண்ற ஒரு அமைப்பு ஃப்ளோரிடாவில் இருக்கு. மனுஷன் சீண்டாமலே சுறா கடிச்ச சம்பவம் 2023-ல் உலகம் முழுக்க 69. ஆனா 2021-ல் தண்ணியில மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் பார்த்தேன். மூளைக்குப் புரிஞ்சுது. வயித்துக்குப் புரியல.

மறுநாள் காரங்காடு. கூட வந்த தம்பிகிட்ட மெதுவா கேட்டேன். அவர், "சுறா வெளிக்கடல்லதான் வலையில படும்க்கா. இங்கே கடிச்சதா எங்க தாத்தா காலத்துல இருந்து பேச்சே இல்ல"ன்னார். அதோட, "அக்கா, லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டிக்கங்க"ன்னும் சொன்னார். கட்டினேன். ஆனா நல்ல வெயில், புழுக்கம். நமக்குத்தான் வராக நதியில நீந்தத் தெரியுமேன்னு ஒரு நெனைப்பு. கொஞ்ச தூரம் போனதும் வாரைக் கழட்டி விட்டுட்டேன். கண்ணு மட்டும் தண்ணியில துடுப்பு மாதிரி ஏதாவது தெரியுதான்னு தேடிக்கிட்டே இருந்துச்சு.

திடீர்னு பக்கத்துல ஏதோ துள்ளுச்சு. நான் "ஐயோ"ன்னு ஒரு பக்கமா சாய, படகு கவிழ்ந்துடுச்சு.

தண்ணி நெஞ்சளவுதான். ஆனா அடியில சேறு. கால் புதையுது, இழுத்தா வரல. கழட்டி விட்ட ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடுது. வராக நதியில நான் நீந்தினது மணல்லயும் பாறையிலயும். சேத்துல நீச்சல் செல்லாது. "அம்மா, அம்மா"ன்னு மகள் கத்துறது மட்டும் கேக்குது. அந்தத் தம்பிதான் வந்து பிடிச்சு ஏத்தினார். அரை நிமிஷம் இருக்குமா? எனக்கு அரை நாள் மாதிரி இருந்துச்சு. துள்ளினது என்ன தெரியுமா? மடவை மீன். ஒரு சாண் இருக்கும்.

ஊருக்குத் திரும்பின பிறகு, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பத்திப் படிச்சேன். அந்தக் காலத்துல அங்கே ‘கடல்கட்டி’ன்னு ஒருத்தர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுறவர். அவர் வராம குளியாளிங்க கடல்ல இறங்க மாட்டாங்க. மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கார். கிடைக்கிற முத்துல இருபதுல ஒரு பங்கு மந்திரக்காரருக்குக் கொடுப்பாங்களாம். பின்னாடி வந்த வெள்ளைக்காரச் சர்க்காருக்கு மந்திரத்துல நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடல்கட்டியை வேலைக்கு வெச்சிருந்துச்சு. அவர் இல்லேன்னா முத்துக்குளிப்பே நடக்காதே!

நான் அவங்களைக் கேலி பண்ண மாட்டேன். பயத்துக்கு ஒரு பிடிமானம் வேணும். ஆனா என் பயம் தப்பான இடத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வராத சுறாவைத் தேடுன கண்ணு, கட்டாத வாரைப் பார்க்கல.

அதனால இப்போ என்னோட கடல்கட்டி ஒரு சின்னப் பட்டியல். ஒண்ணு, லைஃப் ஜாக்கெட் வாரை ஒருத்தருக்கொருத்தர் இழுத்துப் பார்க்கணும். ரெண்டு, ஏத்தம் எப்போ, வத்தம் எப்போன்னு ஊர்க்காரங்ககிட்ட கேக்கணும். வத்தத்துல போனா சேத்துல மாட்டிப்போம். மூணு, செருப்பு போதாது, ஷூ வேணும். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் குத்தும். நாலு, மீன் கழிவு கொட்டுற இடத்துலயும், இருட்டுற நேரத்துல கலங்கின தண்ணியிலயும் இறங்கக் கூடாது. சுறா பயம் இருக்கிறவங்களுக்கு அந்த நாலாவது ஒண்ணே போதும்.

மறுபடியும் போனோம். பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. ஆனா கை வாரைச் சரிபார்க்கும்போது மனசுக்குச் சுறாவை நெனைக்க நேரமில்லை. ஏறுறதுக்கு முன்னாடி என் மகள் என் வாரை இழுத்துப் பார்த்துட்டு, "இன்னும் ஒரு பிடி இறுக்கும்மா"ன்னா. இறுக்கினேன்.

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு பயம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியில பேசலாம்.