தலைவர் என்னும் சொல்லுக்குள் யார்?



‘தலைவர்’ என்னும் சொல்லின் ‘அர்’ ஈறு ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். ஆயினும் ‘குழுத்தலைவர் வந்தார்’ என்றால் நம்முள் பலருடைய மனத்தில் உரத்த குரலுடைய ஓர் ஆடவரே தோன்றுகிறார். 1973 இல் வர்ஜீனியா ஷைன் வெளியிட்ட ஆய்வில், சிறந்த மேலாளர்க்கு உரியனவாக அமெரிக்க ஆண் மேலாளர்கள் சுட்டிய பண்புகள், ஆண்களுக்கு உரியனவாக அவர்கள் கருதிய பண்புகளோடே பெரிதும் ஒத்திருந்தன.

குரலை முதலில் பார்ப்போம். உளவியலார் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பகுப்பர். அவற்றுள் கலகலப்பும் முனைப்பும் சேர்ந்த புறமுகப் பண்பே தலைமையோடு மிக நெருங்கியது எனத் திமத்தி ஜட்ஜும் உடன் ஆய்ந்தோரும் 2002 இல் கண்டனர். ஆனால் தலைவராக வெளிப்படுதல் வேறு. தலைமையேற்றுப் பயன் விளைத்தல் வேறு. அப்பண்பு முன்னதோடுதான் வலுவாக இணைந்திருந்தது. இணைப்பாட நடவடிக்கைக்குத் தலைவரைத் தேடும்போது, முதலில் கையுயர்த்தும் மாணவரிடம் நாம் காண்பதும் அதுவே.

2011 இல் ஆடம் கிராண்டும் உடன் ஆய்ந்தோரும் அமெரிக்கப் பீட்சா கடைகளை ஆராய்ந்தனர். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்வோராயின், புறமுகத் தலைவரின் கடை சராசரியைவிட 16 விழுக்காடு மிகுதியான இலாபம் ஈட்டியது. ஊழியர்கள் தாமாகவே யோசனை கூறுவோராயின், அத்தகைய தலைவரின் கடையில் இலாபம் 14 விழுக்காடு குறைந்தது. காரணம் கடினமானதன்று: பேசுவதில் மகிழ்பவர்க்குப் பிறர் யோசனை இடையூறாகத் தோன்றும், யோசனை மதிக்கப்படாத ஊழியர் மெல்ல வாய்மூடுவர். திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே இருப்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

பாலினத்துக்கு வருவோம். 95 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளிவந்த கட்டுரை, தலைமைத் திறனில் ஆண், பெண் வேறுபாடு ஒட்டுமொத்தமாக இல்லை என்றது. தம்மைத் தாமே மதிப்பிட்டபோது ஆண்கள் தமக்குக் கூடுதல் மதிப்பளித்தனர். பிறர் மதிப்பிட்டபோது பெண்கள் சற்றே முந்தினர்!

அவ்வாறாயின் இடர்ப்பாடு எங்கே? ஆலிஸ் ஈக்லியும் ஸ்டீவன் காராவும் 2002 இல் அதை விளக்கினர். பெண் கனிவாக இருக்க வேண்டும், தலைவர் உறுதியாக இருக்க வேண்டும் என இருவேறு எதிர்பார்ப்புகள் மோதுகின்றன. உறுதி காட்டினால் ‘கடுமையானவர்’. கனிவு காட்டினால் ‘தலைமைக்கு ஏலாதவர்’. எந்தப் பக்கம் திரும்பினாலும் மதிப்பெண் குறைகிறது.

நாம் மாணவர்க்கு எழுதும் நற்சான்றிதழ்களைப் பாலின வாரியாகப் பிரித்து, ‘துணிவு’, ‘பணிவு’ என்னும் சொற்களை எண்ணிப் பார்க்க மாணவர் எவரேனும் முன்வந்தால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்க விழைகிறேன்.