பல ஊரார் கூடிச் செய்யும் பணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு, பல மொழியினரும் பல நாட்டினரும் கூடிப் பணியாற்றும் இடங்களில் ஆட்களையும் வேலையையும் நடத்திச் செல்வது எவ்வாறு என்பது பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். விழாவுக்கு இஃது உகந்த பொருளா என்று முதலில் ஐயுற்றோம். எண்ணிப் பார்த்தபோது, நம் காலனியில் விளக்கெரியும் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பேசப்படும் பொருள் இதுவே என்பது விளங்கிற்று. மாலையில் வீடு திரும்பும் மகனோ மகளோ முகம் வாடி அமர்ந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் கணிப்பொறி அன்று. உடன் பணிபுரியும் மனிதரோடு நேர்ந்த மனவேறுபாடே ஆகும். ஆதலின் பேச ஒப்புக்கொண்டோம்.

முதலில் நாம் வாழும் இவ்வூரையே நோக்குவோம். எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவராகிய கழக்கூட்டத்துப் பிள்ளையின் வழியே வேணாட்டு வரலாற்றில் இடம் பெற்ற ஊர் கழக்கூட்டம். 1990-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் இங்கே தொடங்கப்பெற்றது. அதன்பின் நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் நம்மவர் பலர் வந்து குடியேறினர். ஆயினும் பல நாட்டார் கூடிப் பணிசெய்யும் கலை இவ்வட்டாரத்திற்கு டெக்னோபார்க்கோடு வந்ததன்று. இங்கிருந்து சில கல் தொலைவில், கடலோரத்தில் உள்ள தும்பாவில், அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்னரே அஃது அரங்கேறியது.

புவியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்வதால், வான்வெளியின் மேலடுக்குகளை ஆராய்வதற்கு ஏற்ற இடம் இதுவென்று அறிஞர் விக்ரம் சாராபாய் தேர்ந்தார். 1963 நவம்பர் 21 மாலையில் இங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணேறிற்று. ராக்கெட் அமெரிக்காவினது, அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சினது, நிலையம் வளர்ந்தபோது ஹெலிகாப்டரும் கணிப்பொறியும் தந்துதவியது சோவியத் நாடு. கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத்தும் போரின் விளிம்பில் நின்றது 1962-இல். முகம் திருப்பி நின்ற அவ்விரு நாடுகளும் இந்த மணல் திட்டில் ஒரே வேலைக்குத் தோள் கொடுத்தன. 1968 பிப்ரவரி 2-இல் பிரதமர் இந்திரா காந்தி இந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பிற்கு அர்ப்பணம் செய்தார்.

அம்முதல் மாலையில் நடந்த ஒன்றை, அப்போது இளம் பொறியாளராயிருந்த இராமேசுவரத்துக் கலாம் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ராக்கெட்டைத் தூக்கும் பாரந்தூக்கியின் எண்ணெய்க் குழாயில் கசிவு கண்டது. பழுது நீக்க நேரமில்லை. அங்கிருந்தோர் அனைவரும் கூடித் தம் கைவலியால் ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் நிறுத்தினர். எந்த மாநிலத்தார், எந்தப் பதவியினர் என்று அவ்வேளையில் எவரும் பார்த்திருக்க இயலாது. வேலையின் பெயரால் கூடுவோர்க்கு இதனினும் சிறந்த முதற்பாடம் வேண்டுமோ?

ஆனால் அம்மாலைக்கும் முன்னர் நிகழ்ந்த ஒன்று இதனினும் பெரிது. ஏவுதளத்திற்கு வேண்டிய நிலத்தில் மீனவ மக்களின் குடியிருப்புகளும் புனித மேரி மக்தலேனா தேவாலயமும் இருந்தன. சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை நேரிற் சென்று கண்டார். ஆயர் தாமாக ஒரு விடையும் கூறவில்லை. ஞாயிறு வழிபாட்டிற்கு வருமாறு அழைத்து, கூடியிருந்த மக்கள் முன் செய்தியை விளக்கி, அவர்தம் இசைவைக் கேட்டார். மக்களும் இசைந்தனர் என்று கலாம் எழுதுகிறார். அக்கோயிலே விஞ்ஞானிகளின் முதல் பணியிடம் ஆயிற்று; இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஒரு முடிவால் எவருடைய வாழ்வு மாறுமோ, அவரை முடிவுக்கு முன்னரே கேட்கவேண்டும் என்பது இதிலுள்ள நீதி.

இந்நீதியை யாம் நூலில் படித்திருந்தோம். ஆயினும் நடைமுறையில் தவறினோம். அதனை இச்சபையில் மறைக்காது கூறுவது நலம் என்று கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நிறுவனத்தில் பதினால்வர் கொண்ட குழுவை நடத்தும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. ஒன்பதின்மர் மலையாளிகள், எம்மோடு தமிழர் மூவர், வங்காளத்தார் ஒருவர், ஆந்திரத்தார் ஒருவர். பணி ஒரு ஜெர்மானிய வாடிக்கையாளருக்குரியது. அதை ஒப்படைக்கும் தேதியை, தமிழர் மூவரும் தேநீர்க் கடையில் நின்றவாறே தமிழில் பேசி முடிவு செய்துகொண்டோம். அத்தேதி ஓண வாரத்தில் விழுந்ததை நாங்கள் எண்ணவில்லை. பின்னர்க் கூட்டத்தில், "உத்திராடம் வரை அனைவரும் வர இயலுமா?" என்று கேட்டோம். "நோக்காம்" என்றனர். நம் ஊரில் விருப்பமில்லாதவர் "பார்க்கலாம்" என்று சொல்வதும் அதுவும் ஒன்றே என்பதை அறியாதவர்போல், அதனைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டோம். உத்திராடத்தன்று ஒன்பது நாற்காலிகள் வெறுமையாயிருந்தன. பணி ஒரு வாரம் பிந்திற்று. சினம் மிகுந்து, பொறுப்பற்றோர் என்று பொருள்படும் கடிதம் ஒன்றை அனைவர்க்கும் அனுப்பினோம்.

அவ்வொன்பதின்மருள் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி, அவ்வாரத்து விடுப்புக்கு இரண்டு திங்கள் முன்னரே எழுத்து மூலம் விண்ணப்பித்திருந்தார். யாம் அதை மறந்துவிட்டோம். அவர் வாதாடவில்லை, அடுத்த மாதம் வேலையை விட்டு விலகினார். விடைபெறும் நாளில் எம் மேசையருகே வந்து, "சார், கடிதத்தைக் கூட நான் மறந்துவிடுவேன். தேதி குறித்த அன்று எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால், அது ஓண வாரம் என்று அப்போதே சொல்லியிருப்போம். நீங்கள் மூவரும் தமிழில் பேசி முடிவு செய்வீர்கள், எங்களுக்கு அறிவிப்பு மட்டும் வரும்" என்றார். மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. குழுவில் மிகக் கூர்ந்து பிழை காண்பவர் அவரே. இழந்த ஒரு வாரத்தைப் பின்னர் ஈடுசெய்தோம். அவரை ஈடுசெய்ய இயலவில்லை.

அன்பர்களே, அன்று கற்றவற்றையும் அதன்பின் கற்றவற்றையும் இளைஞர்க்குப் பயன்படுமாறு வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, சொல். மலையாளம் நமக்கு உடன்பிறந்த மொழி. ஆதலால் புரிந்துவிட்டது என்னும் மயக்கம் எளிதில் வரும். நமக்கு அவசரம் என்பது விரைவு. அவர்க்கு அது வாய்ப்பு. "எனக்கு ஓர் அவசரம் தரவேண்டும்" என்று கேட்பவர் விரைவுபடுத்துகிறார் என்று எண்ணினால் அவரது நல்லெண்ணமே திரிந்துவிடும். நமக்கு விஷமம் குறும்பு, அவர்க்கு மனத்துயர். நமக்குச் சம்சாரம் மனைவி, அவர்க்குப் பேச்சு. குடிக்க வெள்ளம் கேட்டால் நாம் திகைக்கிறோம். ஆகவே முக்கியமானவற்றை எளிய சொற்களில் எழுதி, "நீங்கள் விளங்கிக்கொண்டதை ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வது நன்று.

இரண்டாவது, இசைவு. தலையசைப்பும் மௌனமும் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவன அல்ல. ஜப்பானியர் பேச்சினிடையே "ஹை" என்பர், "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதே பலவேளை அதன் பொருள், ஒப்புதல் அன்று. ஜெர்மானியரோ கூட்டத்திலேயே "இது தவறு" என்று நேர்படக் கூறுவர். குறை கூறப்படுவது வேலையே, ஆள் அன்று. முன்னதை உடன்பாடு என்றும் பின்னதை அவமதிப்பு என்றும் கொண்டால் இரண்டும் பிழையே. "முடியுமா?" என்று கேளாது, "எதனை, யார், எந்த நாளில் முடிப்பார்? அதற்குத் தடை என்ன?" என்று கேளுங்கள். தடையைச் சொல்ல வழிவிட்டவர்க்கே மெய்யான விடை கிடைக்கும்.

மூன்றாவது, நாட்காட்டி. ஒரு பணியைத் தொடங்குமுன் குழுவினர் அனைவருடைய விழாக்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஓணம், ஆற்றுக்கால் பொங்கலை, பெருநாள், கிறிஸ்துமஸ், துர்க்கை பூசை, நம் பொங்கல் அனைத்தும் அதில் இடம்பெறட்டும். அண்மை ஆண்டுகளில் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் பொங்கலுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளித்து வருகிறது. நம் விழாவை அவர்கள் நினைவிற்கொள்ளும்போது, அவர்தம் விழாவை நாம் மறப்பது முறையன்று. ஹர்த்தாலையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2019 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமென ஆணையிட்டது. ஆயினும் இரண்டொரு நாள் இடைவெளி விட்டே திட்டம் வகுப்பது அறிவுடைமை.

நான்காவது, நேரம். கோடையில் ஜெர்மனியைவிட நாம் மூன்றரை மணி முந்தியிருக்கிறோம். குளிர்காலத்தில் நான்கரை மணி. ஜப்பானியரோ நம்மினும் மூன்றரை மணி முந்தியவர். எப்பொழுதும் ஒரு சாரார் மட்டுமே உறக்கத்தையோ குழந்தைகளோடு உண்ணும் உணவையோ விட்டுக்கொடுத்துக் கூட்டத்திற்கு அமரும்படி நேர்ந்தால், நாளடைவில் மனம் கசக்கும். அத்தொல்லையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்க.

ஐந்தாவது, கற்கும் பணிவு. 1974-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. நம் பொறியாளர்கள் அங்கே நூறு மனித ஆண்டு உழைப்பைத் தருவது. அதற்கு ஈடாக வைகிங் எஞ்சினின் நுட்பத்தைப் பெறுவது. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் தலைமையில் நம்மவர் வெர்னோன் நகரில் தங்கி அவர்களோடு வரைபடத்திலும் பட்டறையிலும் உடனுழைத்தனர். அதன் பயனே விகாஸ் எஞ்சின். இன்றும் நம் ஏவுகலங்களை உயர்த்துவது அதுவே. பணத்தால் பெறமுடியாததை உழைப்பால் பெற்றனர். அயலாரின் முறையைக் கற்பது அடிமைத்தனம் அன்று.

ஆறாவது, பழியும் புகழும். தும்பாவில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டு 10-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, கட்டுப்பாட்டுப் பழுதால் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் கலாம். நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர் முன் சென்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-இல் அதே குழு ரோகிணியை விண்சுற்றில் நிறுத்தியபோது, செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார். ஸ்ரீநகரில் பிறந்த தலைவர், இராமேசுவரத்து இயக்குநர், பெரும்பாலும் கேரள மண்ணில் உழைத்த குழு. அவர்களை ஒன்றாகப் பிணைத்தது இந்நடத்தையே. யாம் எழுதிய அக்கடிதத்தை இதனோடு ஒப்பிட்டு நாணினோம். கண்டிக்க வேண்டியதைத் தனியறையில் கண்டிக்கவும், பாராட்ட வேண்டியதை அவையில் பாராட்டவும் அதன்பின் பழகினோம்.

இறுதியாக ஒன்று, இது நம் சங்கத்திற்கே உரியது. வள்ளுவர் பெருமான் தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரமே வகுத்தார். ஆளைத் தேர்வது தகுதியால் அன்றி ஊரால் அன்று என்பது நாம் அறியாததன்று. ஆயினும் அயலூரில் வாழ்வோர்க்கு "நம்மவர்" என்னும் பாசம் சற்று மிகும். அப்பாசம் இம்மண்டபத்தில் மணம் பரப்பட்டும். அலுவலகத்துள் அது வேலியாக வேண்டா. தமிழறியாத ஒருவர் வட்டத்தில் நின்றால், அவர்க்கும் விளங்கும் மொழியில் பேசுவோம். நம் பிள்ளைகள் தமிழ் எழுதக் கற்பது போலவே மலையாளம் எழுதவும் கற்கட்டும். இதனால் நம் தமிழ் குறைந்துவிடாது. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை இத்திருவனந்தபுரத்தில் வாழ்ந்தே தமிழுக்குத் தொண்டு செய்தார்.

மேலும், நம் காலனியில் கட்டடம் கட்டவும் தோட்டம் திருத்தவும் வரும் வங்காளத்தாரையும் ஒடிசாவினரையும் அசாமியரையும் இந்நாட்டு அரசு "அதிதி தொழிலாளி" என்று அழைக்கிறது. ஒரு வகையில் நாமும் இங்கு அதிதிகளே. பெரிய அலுவலகத்தில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை, நம் வீட்டு வாயிலில் வேலைசெய்யும் அவர்க்கு நாம் முதலில் தரவேண்டும். பெயர் கேட்டு அழைப்பதும், கூலியைப் பேசிய நாளில் தருவதும், அவர் ஊர் விழாவுக்கு விடுப்பளிப்பதும் பெருஞ்செலவான செயல்கள் அல்ல.

வேலையை விட்டுச் சென்ற அப்பெண்மணி வேறொரு நிறுவனத்தில் இன்று ஒரு குழுவையே நடத்துகிறார். சென்ற ஓணத்திற்கு வாழ்த்து அனுப்பினோம். பொங்கலன்று அவரிடமிருந்து வாழ்த்து வந்தது, தமிழ் எழுத்தில். ஓர் எழுத்து மட்டும் பிழையாயிருந்தது. அதனைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை.