இரண்டு பலகையையும் சீவ வேண்டும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றிப் பேசுவோம். கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு என்று எங்கே போனாலும் "ஹார்மனி, ஹார்மனி" என்கிறார்கள். ஒற்றுமை, இணக்கம், நல்லுறவு என்று நாமும் அர்த்தம் எழுதிக்கொண்டு வந்து விடுகிறோம். ஆனா அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால், அதுக்குள்ளே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அதன் சொந்த ஊர் கிரேக்க நாடு. அங்கே 'ஹார்மோனியா' என்றால் முதலில் தச்சு வேலையில் மரத்தோடு மரத்தைச் சேர்க்கிற மூட்டு. ஹோமர் என்ற பழைய புலவரின் ஒடிசி காவியத்திலே, தீவில் அகப்பட்ட வீரன் ஒருவன் மரம் வெட்டித் தெப்பம் கட்டுகிறான். அதை இறுக்கிச் சேர்த்த பிணைப்புக்கு இந்தச் சொல்தான் வருகிறது. இசை ஒத்துப் போவதற்கும் மனுஷர் ஒத்துப் போவதற்கும் அதே பேர் வந்தது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும், பிறகு பிரெஞ்சுக்கும் போய், 14ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது.

நம்ம பஜனையில் வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் தாம் செய்த வாத்தியத்துக்கு அந்தப் பேரைப் பதிவு செய்தார்.

தமிழையும் பாருங்க. தச்சர் பலகையைப் பொருத்துகிறார். கல்யாணத்துக்கு நாம் பொருத்தம் பார்க்கிறோம். கிரேக்கக்காரன் நினைத்த மாதிரியேதான் நம்ம பாட்டன் பூட்டனும் நினைத்திருக்கிறார்கள்.

சரி, பாடம் என்ன? தச்சு வேலை தெரிந்தவரைக் கேளுங்க. இரண்டு பலகை சேர வேண்டுமானால் இரண்டின் ஓரத்தையும் சீவ வேண்டும் என்பார். ஒன்றை மட்டும் சீவினால் இடைவெளி நிற்கும். பலவந்தமாக ஆணி அடித்தால் பலகை பிளந்து போகும்.

லயத்திலே ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிறோம். பீலித் தண்ணிக்கு, கானுக்கு, பிள்ளைகள் விளையாட்டுக்கு என்று சச்சரவு வரத்தான் செய்யும். அப்போ யாரைப் பார்த்து "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்கிறோம்? எப்பவும் அதே ஆளைத்தான். வந்த மருமகளை, ஆள்பலம் இல்லாத குடும்பத்தை, அடி வாங்கின பொம்பளையை. அவங்க வாயை மூடினதும் "பிரச்சினை தீர்ந்தது" என்று எழும்பிப் போகிறோம். அது இணக்கம் இல்லீங்க. ஒரு பலகையையே சீவிச் சீவி மெலிய வைக்கிற வேலை.

அடி உதை நடக்கிற வீட்டில் அனுசரிப்புப் பேச்சுக்கே இடமில்லை. குடும்ப வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதுக்கு வழி தெரியாதவங்க எங்களிடம் வாங்க, கூட வருகிறோம்.

மற்றச் சச்சரவுகளுக்கு ஒரு வேண்டுகோள். குடித்திருக்கிற ராத்திரியில் பேச வேண்டாம். பகலில், இரண்டு வீட்டாரையும் வைத்துப் பேசுவோம். எழும்புமுன் தலைவர்மாரும் நாங்களும் ஒரு கேள்வி கேட்போம்: "இந்தப் பக்கம் எதை விட்டுக் கொடுத்தீங்க? அந்தப் பக்கம் எதை விட்டுக் கொடுத்தீங்க?" இரண்டு பக்கத்திலும் பதில் வந்தால்தான் மூட்டு சேர்ந்தது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பதில் வந்தால் திரும்பவும் உட்காருவோம்.