பட்டுக்குக் காரம் ஆகாது

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவள். எட்டு வருஷமாக வீட்டிலேயே பட்டுப்புடவை துவைத்துப் பாலிஷ் போட்டுக் கொடுக்கிறேன். குழுவில் உள்கடன் வாங்கித்தான் மேஜையும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கினேன்.

போன தை மாதம் நம்ம அக்கா ஒருத்தங்க ஒரு புடவையோடு வந்தாங்க. மகள் கல்யாணத்துக்குக் கடன் போட்டு எடுத்தது. தவணை இன்னும் நாலு பாக்கி. மெஷினில் சோப்புத்தூளோடு சுற்றியதில், கரையின் அரக்குச் சிவப்பு மாம்பழ மஞ்சளில் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டது. "ஏதாவது பண்ணும்மா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நகைக்கு அடுத்து நம்ம கையில் இருக்கும் சொத்து இந்தப் புடவைதானே?

பட்டு புழு கொடுத்த நூல். நம்ம தலைமுடி மாதிரிதான். தலைக்குச் சலவை சோடா போட்டுக் குளிப்போமா? சவுக்காரம்னு பேரிலேயே காரம் இருக்கு. அந்தக் காரம் பட்டின் பளபளப்பைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் நூலையே அரித்துவிடும். பூந்திக்கொட்டையில் அந்தக் காரம் இல்லை. ஒரு புடவைக்குப் பத்துப் பன்னிரண்டு கொட்டை போதும். விதையை எடுத்துவிட்டு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். கண்ணில் தெறித்தால் எரியும், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

வாளியில் போடுவதற்கு முன்னாடி ஒரு சோதனை. ஈரமான வெள்ளைத் துணியால் கரையிலும் முந்தியிலும் உள்பக்கம் ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வீட்டில் துவைக்கிற புடவை இல்லை. டிரை வாஷுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காசு வீண் இல்லை.

கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், தனித்தனி நாடா. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்காரணும். சின்ன வயசில் அப்பாவுக்கு அந்த வேலை நான்தான் செய்தேன். நெய்யும்போதே தனித்தனி என்றால் துவைக்கும்போதும் அப்படித்தான். முதலில் உடல், பிறகு கரை, கடைசியில் முந்தி. பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். ஊற வைக்காதீர்கள், முக்கி அலசி உடனே எடுங்கள். கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் கூடாது. பருத்தித் துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். நிழலில் உலர்த்தி, லேசான சூட்டில் உள்பக்கம் இஸ்திரி போடுங்கள். சரிகை மேல் ஒரு மெல்லிய துணி போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், பட்டை அடிக்கடி துவைக்கவே தேவையில்லை. இதைச் சொன்னால் என் வருமானம் குறையும், பரவாயில்லை. கல்யாணத்துக்குப் போய் வந்தவுடன் மடித்து பீரோவில் திணிக்கிறோமே, அதுதான் தப்பு. வேர்வை உலரும்வரை நிழலில் காற்றாட விடுங்கள். எண்ணெய் பட்டால் தண்ணீர் ஊற்றாமல் முகப்பவுடரைத் தூவி, நாலு மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். முழுசாகப் போகாவிட்டாலும் பரவாமல் நிற்கும். வெள்ளிச் சரிகை மேல் சென்ட் அடித்தால் கறுக்கும். அந்துருண்டையும் நேராகப் படக்கூடாது, வசம்பைத் துணியில் முடிந்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வெள்ளை வேட்டி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடிப்பிலேயே ஒடியும்.

சுங்குடிக்குக் கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சரியாக ஏறாத சாயத்தை உப்பு நிறுத்தாது. முதல் நாலைந்து தடவை தனியாகத்தான் அலசணும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மாசக் கணக்கில் பூட்டி வைக்காதீங்க, கஞ்சிக்குப் பூச்சி வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்னாடி தாழ்வாரத்தில் வாளியும் பூந்திக்கொட்டையும் வைத்திருக்கிறேன். செய்து பார்க்க விருப்பம் உள்ளவர்கள் வாங்க. விழாவுக்குன்னு பட்டு கட்டி வந்தவங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க!