மேடை வளர்த்த மனோரமா
(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நாடகக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச என்னைப் பணித்தீர்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஆச்சி மனோரமா. 1000 படங்களுக்கு மேல் நடித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவரை நாடகக் கலைஞர் என்று சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். திரையில் நாம் கண்டு வியந்ததெல்லாம் மேடையில் விளைந்தது. அந்த மேடை வாழ்க்கையை நாம் போதிய அளவு பதிந்து வைக்கவில்லை என்ற கவலையும் எனக்கு உண்டு.

1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டபின் தாய் ராமாமிர்தம் மகளைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தார். வீட்டு வேலை செய்து வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. ஊருக்கு வந்த 'அந்தமான் காதலி' நாடகத்தில் ஒரு நடிகைக்கு உடல்நலமில்லாமல் போகவே, இந்தச் சிறுமியை மேடையேற்றினார்கள். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் இட்டதுதான். பிறகு வைரம் நாடக சபா. அங்கிருந்து எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்துக்கு வந்து 'மணிமகுடம்', 'தென்பாண்டி வீரன்' ஆகிய நாடகங்களில் நடித்தார். அண்ணாவோடும் கலைஞர் கருணாநிதியோடும் மேடையில் நடித்த பெருமையும் அவருக்கு உண்டு. 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்கு அழைத்து வந்தபோது, அவர் ஏற்கெனவே தேர்ந்த நடிகை.

நாடகக் கம்பெனி என்ன கற்றுக்கொடுத்தது? தன் பாடத்தோடு பிறர் பாடத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். யார் வராவிட்டாலும் படுதா ஏறியாக வேண்டும். கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். கூட்டத்தின் சிரிப்பு அடங்கும் கணம் அறிந்து அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். காதைத் தீட்டிக்கொள்ளாதவருக்கு அங்கே பிழைப்பில்லை.

அந்தக் காதுதான் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடித் தமிழாக ஒலித்தது. அடுத்த ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷைப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடியதும், 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் கொங்கு மண்ணின் தாயாக வந்ததும் அதே காதின் கொடை. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் நடிகர் கிஷ்முவோடு அவர் மல்லுக்கு நிற்கும் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். வேகம் கூடக்கூட ஒரு எழுத்துகூட மங்காது. அது மேடையில் பழகிய நாக்கு.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலைகள் சூழ்ந்த படம். அதில் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. ஆட்டமும் பாட்டும் வெகுளிப் பேச்சுமாகச் சிரிக்க வைக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு அடியில், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பெண்ணின் தனிமையும் தன்மானமும் தெரிகின்றன. அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர் அதை நடித்தார்.

'நகைச்சுவை நடிகை' என்ற சொல்லுக்குள் அவரை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகி. 'புதிய பாதை'க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது. 2002-இல் பத்மஸ்ரீ. பிற்காலத்தில் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார். ஒரு காட்சிக்கு வந்தாலும் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு ஊரும் உறவும் பழைய கதையும் இருப்பதாக நம்மை நம்ப வைத்தார்.

மேடை வாழ்க்கையை நாம் பதிந்து வைக்கவில்லை என்ற என் கவலையை ஓர் ஒப்பீட்டால் சொல்கிறேன். 1957-இல், மனோரமா திரைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, லண்டன் ஓல்டு விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபீலியாவாக மேடையேறினார் பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச். அவரும் மேடை, சினிமா, தொலைக்காட்சி மூன்றையும் ஆண்டவர். அந்த நாட்டில் நாடக நிகழ்ச்சி நிரல், புகைப்படம், விமர்சனம் ஆகியவற்றைப் பொதுச் சொத்தாகக் காக்கிறார்கள். 1992 முதல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மேடை நாடகங்களை முழுமையாக ஒளிப்பதிவு செய்து சேமிக்கிறது. நம் மனோரமா 'மணிமகுட'த்தில் எப்படி நின்றார், எந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது என்று ஒரு மாணவி கேட்டால், அவளை எந்தக் கதவைத் தட்டச் சொல்வது?

தியாகராயநகரில் வாழ்ந்த அந்தப் பெருங்கலைஞர் 2015 அக்டோபர் 10 அன்று மறைந்தார். அவர் தலைமுறையோடு மேடை ஏறியவர்கள், ஆர்மோனியம் வாசித்தவர்கள், ஒப்பனை செய்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே சபாக்களுக்கும் கல்லூரிகளுக்கும் என் வேண்டுகோள் இது. அந்தக் கலைஞர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யுங்கள். அலமாரிகளில் கிடக்கும் நாடகப் பிரதிகளையும் நோட்டீசுகளையும் புகைப்படங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, மின்வடிவாக்கி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இந்த அறக்கட்டளையே முதல் அடியை எடுத்து வைக்கலாம். ஒரு பெரும் நடிகையைப் போற்றுவது என்றால் அவரை உருவாக்கிய கலையைக் காப்பதும்தான்.