தங்கம் போயிற்று, மேடு நின்றது



பிழைப்பு நாடிப் புனே நகருக்கு வந்த தமிழர் நாம். நமக்கு முன்னரே, 1880க்குப் பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டத் தமிழர் கோலார் தங்க வயலுக்குச் சென்று, 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் தங்கம் ஊரைவிட்டுப் போயிற்று. அரைத்துக் கழித்த கல்மண்ணோ கோடிக்கணக்கான டன் மேடுகளாய் அங்கேயே நிற்கிறது.

சயனைடு மேடுகள் என்பர். பெயரைக் கேட்டே அஞ்சுகிறோம். ஆயின் சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். பாறையோடு வந்த ஆர்சனிக்கும் ஈயமும் சிதையா. (சித்த வைத்தியர் வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக்கின் சேர்மமே.) கோடையில் அவை தூசியாய் அடுக்களைக்குள் வரும், மழையில் ஓடைக்கும் வயலுக்கும் இறங்கும், செடியின் வேர் நீரோடு அவற்றையும் உறிஞ்சும். ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்துக் காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, நெல்லில் ஏறி, உண்ட பெண்களின் எலும்புகளை முறித்தது. அந்நாட்டரசு அதனை ஒப்புக்கொண்ட ஆண்டு 1968.

எஞ்சிய தங்கத்துக்காகக் கோலாரின் 13 மேடுகளை மீண்டும் தோண்ட, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. வேலை கிடைக்குமா என்று அங்குள்ள நம் உறவினர் கேட்கின்றனர், நியாயமே. தங்கம் எடுத்தபின் பாஷாணத்தை எங்கே வைப்பீர் என்பதையும் அவர்களோடு சேர்ந்து நாம் கேட்போம்.